உப்பு பிஸ்கட் மாமி

சாவு விழுந்த வீட்டில் நாக்குக்கு என்ன வேலை? அழுகைக்கு ஒத்தாசையாக அசையலாம், தேவாரம் பாடலாம், போனவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லலாம். ருசி பார்க்கக் கூடாது. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நம்பியிருந்தோம். அந்த நம்பிக்கையின் நடுவே, மூச்சு வாங்க, கோட்டைக் கழற்றாமல், இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பைகளோடு மாமி வந்து நிற்பார்.

யாருக்கு மாமி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எல்லோருக்கும் மாமிதான். சொந்தப் பெயரை ஒருமுறை கேட்டேன், மறந்துபோனேன், மறுபடி கேட்க வெட்கப்பட்டு அப்படியே விட்டுவிட்டேன். கட்டை உருவம். நடக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து நடப்பார். பேசத் தொடங்கினால் அடுத்த அறையில் இருப்பவருக்கும் கேட்கும். செத்தவீட்டில் அப்படிப் பேசுகிற ஒரே ஆள் அவர்தான்.

லண்டனில் செத்தவீடு ஒரு நாளில் முடிவதில்லை. ஊரில் காலையில் கண்மூடியவர் மாலைக்குள் நெருப்பைக் கண்டுவிடுவார். இங்கே உயிர் போனபிறகும் உடலுக்கு வேலை மிச்சம் இருக்கும். மருத்துவரின் கையெழுத்து, சில வேளை போஸ்ட்மோர்ட்டம், பிறகு தகன மண்டபத்தில் நேரம் கிடைக்கவேண்டும். கிழமைகள் ஓடும். அத்தனை நாளும் மாலையானால் சனம் வரும். வாசலில் சப்பாத்துகள் மலைபோல் குவியும். அந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் வாசலைத் தாண்டக் கூடாது. சொந்தக்காரர் பெரிய அலுமினியத் தட்டுகளில் சோறும் மரக்கறியும் கொண்டுவந்து இறக்குவார்கள். வந்தவர்கள் சாப்பிடுவார்கள். இழந்தவர்கள் மட்டும் "பிறகு சாப்பிடுறம்" என்பார்கள். சோறும் ஒன்றும் சொல்லாது. தட்டுக்குள் பேசாமல் ஆறிக்கொண்டிருக்கும்.

"சோறு காத்திருக்கும். அதுதான் சோத்திலை இருக்கிற பிழை" என்பார் மாமி. "பிஸ்கட் காத்திராது."

அவர் கொண்டுவருவது உள்ளங்கைக்குள் அடங்குகிற சதுர பிஸ்கட். மெல்லிசாக இருக்கும். ஊசியால் குத்தினதுபோல் துளைகள், மேலே உப்புப் பரல்கள். விளக்கைப் பார்த்துப் பிடித்தால் அந்த உப்பு மினுங்கும். பிஸ்கட்டை விடப் பெரிய விஷயம் பழைய ஐஸ்கிரீம் பெட்டிகளில் வரும். மாசிக்கருவாடு போடாத சீனிச்சம்பல், வெங்காயம் தேன் மாதிரி இறுகி, கறுத்து, கிராம்பு வாசத்தோடு. கண்ணாடிபோல் சீவின தக்காளிப்பழம், அதற்கு மிளகுத்தூளும் ஒரு சொட்டுத் தேசிக்காய்ப் புளியும், எலுமிச்சைதான். முக்கோணச் சீஸ், அதன் உச்சியில் ஊறுகாய், நகக்கண் அளவுக்குத்தான், கூடினால் கையைத் தட்டிவிடுவார். வாழைப்பழ வட்டங்களும் அவற்றின் மேல் தூவ மிளகாய்த்தூளும். வேர்க்கடலையில் செய்த கச்சான் பட்டரும் பொடியாக வெட்டின பச்சைமிளகாயும். பட்டரின் மேல் சீனி, கடிக்கும்போது பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் நொறுங்குகிற பெரிய சீனி.

எதையும் வீட்டில் வைத்து அடுக்கிக்கொண்டு வரமாட்டார். உங்கள் கண்ணுக்கு முன்னால், உங்கள் மடிக்குப் பக்கத்தில் குந்தி, பிஸ்கட்டின் மேல் தக்காளியை வைப்பார். வைத்த கணத்திலிருந்து தண்ணீர் கீழே இறங்கத் தொடங்கும். பிஸ்கட் இளகத் தொடங்கும். இன்னும் கொஞ்ச நேரத்தில் அது ஒடிந்து உங்கள் வெள்ளைச் சேலையில் விழும்.

"கெதியா, கெதியா! விழப்போகுது!"

கை தானாக நீளும். வாய் தானாகத் திறக்கும். துக்கம் யோசித்து முடிவெடுப்பதற்கு முன்னால் உப்பு நாக்கில் கரைந்திருக்கும்.

நான் அவரை முதலில் கண்டது ஹவுன்ஸ்லோவில். விமான நிலையத்தில் என்னோடு வேலை செய்தவனின் தகப்பன் காலமாகியிருந்தார். ஷிப்ட் முடிந்த கையோடு போயிருந்தேன். நாள் முழுவதும் வயிற்றுக்குள் ஒன்றும் இல்லை. கூடம் நிறையச் சனம், பேச்சில்லை. மூலையில் விளக்கு, படத்துக்கு மாலை. அந்த அமைதியின் சரியான நடுவில் என் வயிறு நீளமாக ஒரு சத்தம் போட்டது. கதவு திறப்பதுபோல, கீல்களுக்கு எண்ணெய் காணாத பழைய கதவு. தலைகள் திரும்பின. எனக்கு நிலம் பிளக்கவேண்டும் போலிருந்தது.

"ஐயோ, என்ரை வயிறு!" என்றது சுவரோரம் இருந்த ஒரு குரல். "மன்னிக்கோணும். என்ரை வயித்துக்கு நேரம் காலம் தெரியாது."

மாமி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு எழும்பி நேராக என்னிடம் வந்தார். "தம்பி, எனக்குச் சரியான பசி. தனியச் சாப்பிட வெக்கமாக் கிடக்கு. ஒருக்கா என்னோட குசினிக்கை வாரும்."

அவருக்குத் துணை போவதாக நினைத்துக்கொண்டு நான் சமையலறைக்குப் போனேன். அவருக்குத் துணையாக எத்தனை பிஸ்கட் சாப்பிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. சீனிச்சம்பல் இனித்தது, உறைத்தது, உப்புக் கரித்தது. நன்றாக இருந்தது. கூடத்தில் ஒருவன் தகப்பனுக்காக விம்மிக்கொண்டிருந்தான், எனக்கு நன்றாக இருந்தது. மென்று கொண்டிருந்தபோதே முகம் சுட்டது. மாமி அதைக் கண்டுவிட்டார்.

"குற்றமாக் கிடக்கே?"

"ஓம் மாமி."

"கிடக்கட்டும். அதையும் மேல வச்சுச் சாப்பிடும்."

இதுதான் அவர் வழமை. பசி யாருடையதாக இருந்தாலும் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வார். மோர்டனில் ஒரு இளம்பெண் புருஷனை இழந்து சுவரைப் பார்த்தபடி இருந்தாள். சுற்றியிருந்த பெண்கள் அவளுக்குத் தண்ணீர் கொடுப்பதா விடுவதா என்றே வாதம் செய்துகொண்டிருந்தார்கள். மாமி பக்கத்தில் போய் இருந்து, கூடம் முழுக்கக் கேட்க, "எனக்கு இனிப்புத் திண்டாத்தான் தலைச்சுத்து நிக்கும். பொறுங்கோ" என்று ரின்பால் தகர டப்பாவைத் திறந்தார். ஒரு பிஸ்கட்டில் வழிய வழிய ஊற்றினார். பிறகு, "அட, கூட ஊத்திப்போட்டன், இதை ஒருக்காப் பிடி பிள்ளை, ஒழுகப்போகுது" என்று அதை அவள் கையில் கொடுத்தார். அந்தப் பெண் விரல்களில் வழிந்ததை நக்கினாள். நக்கிவிட்டுத்தான் உரத்து அழுதாள். செய்தி வந்த நாளிலிருந்து அவள் அழவே இல்லை என்று பிறகு சொன்னார்கள்.

அதை யாரும் மாமியின் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்ததெல்லாம் வேறு. "செத்தவீடு எண்டாலே மனுசிக்கு வாய் ஊறும்." "ஆஸ்பத்திரியிலை ஆரும் கடுமையாக் கிடந்தா, இவ பிஸ்கட் வாங்கக் கடைக்குப் போயிடுவா." கடைகளில், கோயில் வாசலில், கார் தரிப்பிடத்தில் இப்படிப் பகிடி நடக்கும். நானும் சிரித்திருக்கிறேன். சிரிப்பதற்கு வசதியாகத்தான் இருந்தது. மாமி அவ்வளவு பெரிய சாப்பாட்டுக்காரி என்றால், நாங்கள் சாப்பிட்டதெல்லாம் ஒன்றுமில்லை.

ஒரு நாள் மோர்டனிலிருந்து திரும்பும்போது பேருந்துத் தரிப்பில் அவரோடு நின்றேன். மாமி கோட்டுப் பைக்குள் கையை விட்டு, மடித்த கடதாசித் துவாலை ஒன்றை எடுத்து விரித்தார். உள்ளே பிஸ்கட் துண்டுகள், ஓரத்தில் மட்டும் ஒரு சின்னக் கடி. இன்னொரு பை, இன்னொரு துவாலை. அன்று அவர் எல்லோர் முன்னிலும் "சாப்பிட்ட" அத்தனையும் அங்கே இருந்தன. நிலத்தில் உதறினார். புறாக்கள் எங்கிருந்தோ வந்து காலடியில் மொய்த்தன.

"எனக்கு உப்பு ஆகாது தம்பி. பிரஷர். டொக்டர் கண்டா அடிச்சே போடுவார்."

"அப்ப ஏன் மாமி, உங்களுக்குப் பசிக்குது பசிக்குதெண்டு..."

"ஆரோ ஒராளுக்குப் பசிக்கோணுமே. செத்தவீட்டிலை ஒருத்தருக்கும் பசிக்காட்டி ஒருத்தரும் சாப்பிடேலாது."

பேருந்து வரவில்லை. தூறிக்கொண்டிருந்தது. அவர் புறாக்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். லண்டனுக்கு முதல் ஜெர்மனியில் அகதி முகாமில் இருந்த காலம். பின்னேரம், முகாமில் கொடுத்த பிஸ்கட்டுக்கு மிளகாய்த்தூளும் உப்பும் புளியும் குழைத்துப் பூசி, நாலைந்து பெண்கள் சேர்ந்து தின்று சிரித்துக்கொண்டிருந்தார்களாம். அப்போதுதான் ஊரிலிருந்து செய்தி வந்தது. தாய் போய்விட்டார்.

"வாய் நிறையப் பிஸ்கட். துப்பவும் ஏலாது, விழுங்கவும் ஏலாது. கடைசியிலை விழுங்கினன். நல்ல ருசியா இருந்தது தம்பி. அதைத்தான் என்னாலை தாங்கேலாமப் போச்சு. அம்மா செத்திட்டா, வாய்க்குள்ளை நல்ல ருசி." பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "கனகாலம் சாப்பிடேலாம இருந்தன். பிறகு ஒருநாள் விளங்கிச்சு. நாக்குக்குச் செய்தி போய்ச் சேரேல்லை. அவ்வளவுதான். அது பாவம், அதுக்கென்ன தெரியும்."

அதன்பிறகு நான் அவரைப் பற்றிய பகிடிகளுக்குச் சிரிக்கவில்லை. ஆனால் எதிர்த்து ஒன்றும் சொல்லவுமில்லை.

பிறகு சாவு எங்கள் வீட்டுக்கே வந்தது.

அக்கா வேலை முடிந்து வந்து, படியில் ஏறி, படியிலேயே இருந்துவிட்டாள். பிறகு எழும்பவில்லை. திடீர் மரணம் என்றபடியால் போஸ்ட்மோர்ட்டம் என்றார்கள். அதற்குள் கிறிஸ்துமஸ், நத்தார் விடுமுறை வந்து எல்லாக் கதவையும் சாத்தியது. ரெய்னர்ஸ் லேனில் அவளுடைய வீட்டுக் கூடத்தில் அத்தான் வெள்ளை விரிப்பில் இருந்தார். அத்தானுக்குச் சீனி வருத்தம். இன்சுலின் ஊசி போட்டால் சாப்பிட்டே ஆகவேண்டும். ஊசியைப் போட்டார். சாப்பிடவில்லை.

"அவள் அங்கை குளிருக்குள்ளை கிடக்கிறாள். நான் இஞ்சை இருந்து சோறு திண்ணுறதே?"

 நான் கெஞ்சினேன், ஏசினேன். ஒரு மாலை தேவாரம் நடந்துகொண்டிருந்தபோது வியர்த்து, வாய் குழறி, பக்கத்தில் இருந்தவர் மேல் சரிந்தார். அம்புலன்ஸ் வந்தது. பல்லிடுக்கில் ஏதோ இனிப்புக் களியைப் பூசி எழுப்பினார்கள். அம்புலன்ஸில் வந்த பெண் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள்: இனிமேலும் சாப்பிடாவிட்டால் அடுத்தமுறை எழுப்ப முடியாமல் போகலாம். கண்ணாடிக் கதவின் ஊடாக அத்தானைப் பார்த்தேன். அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படம் வைக்க இடம் இருந்தது. அதைத்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

மாமி அடுத்த நாளே வந்தார். தக்காளி வைத்தார், சீஸ் வைத்தார், சீனியில்லாமல் என்னென்ன முடியுமோ அத்தனையும் வைத்தார். பிஸ்கட்டுகள் ஒவ்வொன்றாக இளகி அத்தானின் முன்னால் விரிப்பில் விழுந்தன. அத்தானின் கை நீளவில்லை. மாமி கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"மருமோன், எனக்குச் சரியான பசி. தனியச் சாப்பிட..."

"அப்ப நீங்கள் சாப்பிடுங்கோ மாமி" என்றார் அத்தான் மெதுவாக. "நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

மாமி தோற்று நான் கண்டது அன்றைக்குத்தான். விரிப்பில் விழுந்ததைப் பொறுக்கித் துவாலையில் சுற்றினார். பிறகு, சாப்பாட்டுக் கதையை விட்டவர்போல, அக்காவின் படத்தைப் பார்த்து, "பிள்ளை வேலையாலை வந்து என்ன சாப்பிடுவா?" என்று கேட்டார்.

அத்தான் முதன்முறையாக நிமிர்ந்தார். "சப்பாத்தும் கழட்டமாட்டாள் மாமி. குசினியிலை நிண்டபடி ரின்மீனைத் திறப்பாள். வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய். உந்த உப்பு பிஸ்கட்டிலை வச்சு, தான் ஒண்டு, பிறகு எனக்கு வாய்க்கை ஒண்டு. கையிலை தரமாட்டாள். 'இந்தாங்கோ' எண்டு தள்ளிவிடுவாள்." 

 மாமி பைகளைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் கூடத்தில் தேவாரம் தொடங்கியிருந்தது. நான் குசினியில் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். மாமி பின்கதவால் வந்தார். கோட்டுக்குள்ளிருந்து ஒரு பெட்டியை எடுத்து மூடியைத் திறந்தார். மணம் என் கண்ணுக்குள் ஏறியது.

"மாமி, மச்சம்!"

"தெரியும். கதவைச் சாத்திப்போட்டு அத்தானைக் கூப்பிடும். தண்ணி குடிக்க எண்டு சொல்லும்."

இன்னும் நெருப்புக் காணாத உடலின் வீட்டில் மீன். இதைவிடப் பெரிய பிழையை எங்கள் ஆட்களால் கற்பனை செய்யவே முடியாது. மாமியும் எங்கள் ஆள்தான். வெள்ளிக்கிழமை விரதக்காரி.  ஆனாலும் நான் போய் அத்தானைக் கூட்டிவந்தேன்.

மாமி ஒரு பிஸ்கட்டின் மேல் மீனை வைத்தார். கையில் கொடுக்கவில்லை. அத்தானின் வாய்க்கு நேரே பிடித்து, "இந்தாங்கோ" என்று தள்ளினார்.

வாய் திறந்தது. அத்தான் அழுதபடி மென்றார். மென்றபடி அழுதார். பிஸ்கட் நொறுங்குகிற சத்தம், அந்தச் சின்னச் சத்தம், அப்பால் பதிகத்தையும் மீறி எனக்குக் கேட்டது. இன்னொன்று. இன்னொன்று. நாலாவதை விழுங்கிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தேசிக்காய் காணாது மாமி, இன்னும் வேணும்" என்றார்.

ஆள் பிழைத்துவிட்டது என்று அந்த வசனத்தில் எனக்குத் தெரிந்தது.

கூடத்தில் பாட்டு நின்றது. மீன் மணம் கதவுக்கு அடியால் போயிருந்தது. காலடிச் சத்தம் கேட்டது. மாமி அத்தானைத் தோளில் பிடித்து, குழாய்ப் பக்கம் திருப்பி, கையில் தண்ணீர்க் கோப்பையைத் திணித்தார். கரண்டியால் மீனை அள்ளித் தன் வாய்க்குள் போட்டார். எண்ணெய் நாடியில் வழிந்தது. அதைத் துடைக்கவில்லை.

கதவைத் திறந்தது பெரியப்பா. எங்கள் குடும்பத்தின் மூத்தவர், நெற்றி நிறையத் திருநீறு. அவருக்குப் பின்னால் பத்துத் தலைகள்.

"ஆர் இஞ்சை மச்சம் கொண்டந்தது?"

"நான்தான் அண்ணை" என்றார் மாமி, வாய் நிறைய மீனோடு. "வாய் கேக்கேல்லை."

"உமக்கு வெக்கமில்லையோ? பிள்ளை இன்னும் ஐஸ்பெட்டியுக்கை கிடக்குது. திண்ணுறதுக்கு வேற வீடு கிடைக்கேல்லையோ உமக்கு?"

"பிழைதான் அண்ணை."

அத்தான் திரும்பினார். உதடு அசைந்தது. மாமி அவரைப் பார்த்த பார்வையை நான் மட்டும்தான் கண்டேன். இப்போது வாயைத் திறந்தீரோ, அந்த நாலு பிஸ்கட்டும் வீண் என்று சொன்ன பார்வை. அது உண்மைதான். இன்னும் எரியாத மனைவியின் வீட்டில் மீன் தின்ற புருஷன் என்று பத்துப்பேர் முன்னால் ஆகியிருந்தால் அத்தான் அதற்குப்பிறகு எதையும் விழுங்கியிருக்கமாட்டார். நான் கழுவின கோப்பையையே மறுபடி கழுவினேன்.

மாமி பெட்டியை மூடிக்கொண்டு பின்கதவால் போனார். கூடத்தில் யாரோ, "ஒரு ரின் முழுக்கத் திண்டிருப்பாபோல" என்றார்கள். துக்கம் கொஞ்சம் தளர்ந்து, சிரிப்புப் போன்ற ஒரு காற்று வந்து போனது.

அடுத்த நாளிலிருந்து தெருமுனைப் பேருந்துத் தரிப்பில் மாமி எனக்காக நின்றார். வீட்டுப் பக்கம் வரவில்லை. "இந்தாரும், கத்தரிக்காய்ப் பொரியல். சைவம்தான். மீன் ஒருக்காக் காணும், போதும். வாய் திறந்திட்டுது, இனி எதையும் வைக்கலாம்." நான் அதை ஜாக்கெட்டுக்குள் மறைத்துக் கொண்டுபோவேன். அத்தான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று சாப்பிடுவார். அக்காவின் தகன நாள் வந்தபோது அத்தான் தன் காலிலேயே நின்றார். மண்டபத்தின் கடைசி வரிசையில் மாமி இருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் கதிரைகள் காலியாக இருந்தன.

அதற்குப்பிறகு எந்தச் செத்தவீட்டுக்கும் மாமியை ஒருவரும் கூப்பிடவில்லை. செய்தியே சொல்வதில்லை. கதை ரெய்னர்ஸ் லேனிலிருந்து மோர்டனுக்குப் போனது, ஹவுன்ஸ்லோவுக்குப் போனது, போகிற வழியில் கொழுத்தது. ஒரு ரின் இரண்டானது. பிறகு நண்டுக் கறியானது. வீடுகளில் தட்டுகள் மறுபடி ஆறிக்கொண்டிருந்தன, இழந்தவர்கள் "பிறகு" என்றார்கள், யாருடைய வயிறாவது சத்தம் போட்டால் அந்தச் சத்தம் போட்டவருடையதாகவே இருந்தது.

சொல்லிவிடலாம் என்று அத்தானும் நானும் எத்தனையோ தரம் பேசியிருக்கிறோம். முதலில் அத்தான் தேறட்டும் என்றிருந்தோம். பிறகு முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடியட்டும் என்றிருந்தோம். பிறகு பெரியப்பா வருத்தத்தில் படுத்தார், அவர் காதில் போடவேண்டாம் என்றிருந்தோம். அவரும் போனார். போனவரின் முகத்தில் அடிப்பதுபோல ஆகுமே என்றிருந்தோம். ஒவ்வொரு தயக்கமும் அந்தந்த நேரத்தில் நியாயமாகத்தான் தெரிந்தது.

ஒருமுறை கடையில் மாமியைக் கண்டேன். பச்சைமிளகாயை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார்.

"மாமி, நாங்கள் எல்லாருக்கும் சொல்லப்போறம்."

"அத்தான் இப்ப ஒழுங்காச் சாப்பிடுறாரோ?"

"ஓம் மாமி."

"அப்ப வாயைப் பொத்திக்கொண்டு போம்" என்றார். பிறகு, இன்னொரு மிளகாயை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே, "மூண்டு பேர் செத்திருக்கினமாம் இந்த மாசம். எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. கோயில் நோட்டீஸிலை பாத்தனான்" என்றார்.

குறையாகச் சொல்லவில்லை. சும்மா ஒரு செய்திபோலத்தான் சொன்னார். நான் என் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போன மாரியில் மாமி காலமானார். ஜெர்மனியிலிருந்து பெறாமகன் ஒருவர், தமக்கையின் மகன், வந்திருந்தார். அவருக்கு இங்கே யாரையும் தெரியாது. ஆனால் சனம் வந்தது, நான் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வந்தது. அந்தச் சின்ன வீட்டில் படிகளிலும் இருந்தார்கள். அத்தானும் நானும் ஜன்னலோரம் இருந்தோம்.

பெறாமகன், "சித்தியைப் பற்றிச் சொல்லுங்கோ, எனக்குச் சின்னனிலை பாத்ததுதான்" என்றார். சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள், அதில் பொய்யில்லை. என்ன சாப்பாட்டுக்காரி, என்ன மனுசி, செத்தவீடெண்டும் பாராமல் எப்படிச் சாப்பிடுவா. மாலைக்காரர் ஒருவர், செத்தவீடுகளுக்கெல்லாம் பூ கொடுப்பவர், அந்த மீன் கதையை எடுத்தார். பதிகம் நின்ற இடம், பெரியப்பாவின் முகம், நாடியில் வழிந்த எண்ணெய், எல்லாம் சரியாகச் சொன்னார். பெறாமகன் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அத்தான் எழும்பினார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"அது மாமி இல்லை. நான்தான் திண்டனான்."

 அத்தான் எல்லாவற்றையும் சொன்னார். இன்சுலின், அம்புலன்ஸ், "இந்தாங்கோ", நாலு பிஸ்கட். குரல் உடையாமல் சொல்லி முடித்தார். நானும் எழும்பினேன். "ஓம். நான் அங்கை நிண்டனான். கோப்பை கழுவிக்கொண்டு நிண்டனான். மாமிக்கு உப்பே ஆகாது, அவ ஒண்டும் சாப்பிடுறேல்லை" என்றேன்.

மாலைக்காரர் எழும்பிவந்து அத்தானின் கையைப் பிடித்தார். அவருடைய முகத்தில் அவ்வளவு கனிவு.

"இருங்கோ அண்ணை. விளங்குது. செத்த மனுசியைப் பகிடி பண்ணினது பிழைதான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அதுக்காக நீங்கள் உங்கடை தலையிலை போடவேண்டாம். நான் அண்டைக்குப் பின்னாலை நிண்டனான். அவவின்ரை வாய்க்குள்ளை மீனை நான் என்ரை கண்ணாலை கண்டனான்."

"உண்மையா நான்தான்..."

"சரி அண்ணை, சரி. நல்ல மனம் உங்களுக்கு. தண்ணி குடியுங்கோ."

யாரோ ஒரு பெண், அத்தான் எவ்வளவு பெருந்தன்மையான மனிதர் என்று பக்கத்தில் இருந்தவளிடம் மெல்லச் சொன்னாள். எங்களைச் சுற்றித் தலைகள் ஆடின. பிறகு தகன மண்டபத்தில் கார் விட இடம் கிடைக்குமா என்று பேச்சுத் தொடங்கியது.

திரும்பும்போது காரை நான் ஓட்டினேன். மழை. கண்ணாடித் துடைப்பான் போய்வந்துகொண்டிருந்தது. பெரிய தெருவுக்கு ஏறியதும் அத்தான் சொன்னார்.

"நம்பேல்லை மச்சான்."

"ஓம் அத்தான்."

"எவ்வளவு வடிவாப் பொய் சொல்லியிருக்கிறா பார்" என்றார், வெளியே பார்த்தபடி. "நாங்கள் ரெண்டுபேரும் சேர்ந்தும் அதை அழிக்கேலாமக் கிடக்கு."